ஹெலிகாப்டருக்குக் கீழே இருப்பவர்கள்

திரைப்படச் சங்கத்தின் நண்பர்களுக்கு வணக்கம். இன்று திரையிடப்போகும் வியட்நாம் படத்துக்கு முன்னுரையாகச் சில வார்த்தைகள் பேசும்படி கேட்டிருந்தீர்கள். அந்தப் படத்துக்கு வருவதற்கு முன் வேறொரு படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படம் என்னை விட்டு அகலவில்லை.

2002ஆம் ஆண்டில் ரிட்லி ஸ்காட்டின் 'பிளாக் ஹாக் டவுன்' படத்தைத் திரையரங்கில் பார்த்தேன். 1993 அக்டோபர் 3ஆம் தேதி பிற்பகலில், சோமாலியாவின் ஆயுதக் குழுத் தலைவர் முகமது ஃபாரா ஐதீதின் நெருங்கிய உதவியாளர்கள் இருவரைப் பிடித்துவருவதற்காக மொகதிஷு நகருக்குள் இறங்கிய அமெரிக்கப் படையினர், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பிய வேலையில் இரண்டு ஹெலிகாப்டர்களைப் பறிகொடுத்து, மறுநாள் காலைவரை அந்தத் தெருக்களில் சிக்கித் தவித்த கதை அது. படம் ஓடிய நேரம் முழுவதும் நான் அந்தச் சிப்பாய்களோடுதான் இருந்தேன். அவர்கள் சுவரோரம் பதுங்கியபோது நானும் பதுங்கினேன். கூரைமேல் ஒரு கறுத்த உருவம் துப்பாக்கியோடு எழுந்தபோது, யாராவது அவனைச் சுட்டுவிடமாட்டார்களா என்று பதறினேன். அந்தப் பதற்றம் எனக்கு எப்படி வந்தது என்பதுதான் அன்றிலிருந்து நான் என்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

படத்தின் முடிவில் திரையில் எழுத்துகள் தோன்றின. அந்தத் தாக்குதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோமாலியர் இறந்தனர், 19 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தனர் என்று அவை சொல்லின. அதைத் தொடர்ந்து அந்தப் 19 பேரின் பெயர்களும் வந்தன. அவற்றைப் படித்தபோது என் கண்கள் கலங்கின. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில், அந்த ஆயிரம் பேரில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. சோமாலியரின் இறப்பு எண்ணிக்கையே இன்றுவரை ஒரு தொகையாக நிலைக்கவில்லை. சில நூறு என்போரும் உண்டு, ஆயிரத்துக்கு மேல் என்போரும் உண்டு. சிக்கித் தவித்த அமெரிக்க வீரர்களை மீட்பதற்காகக் கவச வண்டிகளைக் கொண்டுவந்தவர்கள் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த மலேசியர்களும் பாகிஸ்தானியர்களும். அந்த இரவில் இறந்த மலேசிய வீரர் ஒருவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2023இல், மலேசியர்கள் தங்கள் பங்கைச் சொல்லத் தாங்களே ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெயர் இல்லாமல் போனதைவிடப் பெரிய இழப்பு, காரணம் இல்லாமல் போனது. சோமாலியாவின் சர்வாதிகாரி சியாத் பாரேயின் ஆட்சி 1991இல் கவிழ்ந்ததும் நாடு குழுச் சண்டையில் சிதறியது, பஞ்சம் வந்தது, 1992 டிசம்பரில் பசித்தவர்களுக்கு உணவு சேர்க்கவென்று அமெரிக்கப் படைகள் கரையிறங்கின. அந்தத் தொடக்கத்தில் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை நான் மறுக்கமாட்டேன். 1993 ஜூன் 5ஆம் தேதி 24 பாகிஸ்தானிய அமைதிப்படை வீரர்கள் கொல்லப்பட்ட பிறகு, உணவு கொடுக்க வந்த பணி ஐதீதை வேட்டையாடும் பணியாக மாறிவிட்டது. இந்த அளவுக்குப் படத்தின் முன்னுரை வாசகங்களே சொல்லிவிடுகின்றன. அவை சொல்லாமல் தாண்டிச்செல்வது ஜூலை 12ஆம் தேதியை. அன்று காலை மொகதிஷுவில் ஒரு வீட்டில் ஐதீதின் குலத்தைச் சேர்ந்த பெரியவர்கள் கூடியிருந்தபோது, அமெரிக்க கோப்ரா ஹெலிகாப்டர்கள் அந்த வீட்டின்மேல் ஏவுகணைகளை வீசின. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி 54 பேர் இறந்தனர். கொதித்தெழுந்த கூட்டம், அங்கே செய்தி சேகரிக்க வந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் நால்வரைக் கொன்றது, அதுவும் கொடுமைதான். ஐதீதைப் பிடிக்காதவர்கள்கூட அந்நியப் படைக்கு எதிராகத் திரும்பியது அந்த நாளுக்குப் பிறகுதான் என்று பின்னாளில் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு காலைப்பொழுதைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகிறது? அக்டோபரில் தெருவுக்குத் தெரு திரண்டு ஓடிவரும் மனிதர்களுக்குக் கோபம் இருக்கிறது, கோபத்துக்கான காரணம் இல்லை. வெறும் வெறியாகத்தான் அது திரையில் தெரிகிறது. நான் பதறியதன் ரகசியம் அங்கேதான் இருந்தது.

2002 ஜனவரியில் மொகதிஷுவிலும் இந்தப் படத்தின் திருட்டுப் பிரதி திரையிடப்பட்டது. ஹெலிகாப்டர் விழும் காட்சிகளில் கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்ததாக அப்போது செய்திகள் வந்தன. முதலில் அதைப் படித்தபோது என் மனம் சுருங்கியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்த இரவில் வீட்டுக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தார்களோ என்று பிறகுதான் எண்ணினேன். தங்கள் ஊரைப் பார்க்க வந்தவர்களுக்குத் திரையில் கிடைத்தது மொராக்கோவின் தெரு; அங்கேதான் படப்பிடிப்பு நடந்தது. படத்தில் காட்டப்படும் ஐதீதின் நிதியாளர் ஒஸ்மான் அட்டோ அப்போது உயிரோடு இருந்தார். தம்மை யாரும் எதுவும் கேட்கவில்லை என்று அவர் சொன்னார்.

இயக்குநரின் நேர்மையைச் சந்தேகிப்பது என் நோக்கமல்ல. கேமரா எங்கே ஏற்றப்படுகிறது என்பதைத்தான் கேட்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு விலை உண்டு. இந்தப் படத்துக்காக ஹெலிகாப்டர்களையும் அவற்றை ஓட்டும் விமானிகளையும் மொராக்கோவுக்கு அனுப்பியது அமெரிக்க ராணுவமே. இது புதிய ஏற்பாடும் அல்ல. சிறந்த படத்துக்கான முதல் ஆஸ்கர் விருதைப் பெற்ற 1927ஆம் ஆண்டுப் படமே ராணுவ உதவியோடு எடுக்கப்பட்ட விமானப் போர்ப் படம்தான். உதவி கேட்கும் தயாரிப்பாளர் திரைக்கதையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் இதற்கென்றே உள்ள அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மாற்றங்கள் சொல்லப்படும். ஒப்புக்கொண்டால் கப்பலும் விமானமும் கிடைக்கும், படப்பிடிப்பில் ஓர் அதிகாரி உடனிருப்பார், முடிந்த படத்தை வெளியிடுவதற்கு முன் அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். சட்டப்படி இது தணிக்கை அல்ல, யாரும் மறுத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு போர் ஹெலிகாப்டரை வேறு எந்தக் கடையில் வாடகைக்கு எடுப்பது? எனவே எழுதும்போதே எழுத்தாளனின் கை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தெரிந்துகொண்டுவிடுகிறது.

மறுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. வியட்நாம் போரைப் பற்றிய 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்காகப் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலா உதவி கேட்டபோது, ஓர் அமெரிக்க அதிகாரியைக் கொல்ல இன்னோர் அமெரிக்க அதிகாரிக்கு ராணுவமே உத்தரவிடுவதாகக் கதை இருப்பதை ராணுவம் ஏற்கவில்லை. அவர் பிலிப்பைன்ஸ் போய், ஃபெர்டினண்ட் மார்க்கோஸின் அரசிடமிருந்து ஹெலிகாப்டர்களைப் பெற்றார். படப்பிடிப்பின் நடுவே அந்த ஹெலிகாப்டர்கள் சொந்த நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு சண்டையிடத் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு போரின் கொடுமையைக் காட்டும் காட்சிக்காகப் பறந்த இயந்திரம், அதே வாரத்தில் வேறு ஏழைகளின் கிராமங்களுக்கு மேலே உண்மையாகவே பறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. படமோ மகத்தானது, அமெரிக்கா தன் மனச்சாட்சியைத் தானே கிழித்துப் பார்த்த படம் அது. ஆனாலும் அதில் கிழிவது அமெரிக்க மனம்தான். வியட்நாமியர் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், மௌனமாகப் பார்க்கிறார்கள். போரை எதிர்க்கும் அமெரிக்கப் படங்களில் மிகச் சிறந்தவற்றிலும் இந்தக் குறையை நான் காண்கிறேன்: அங்கே வியட்நாம் என்பது அமெரிக்க இளைஞன் தொலைந்துபோன ஒரு காடு. வாஷிங்டனில் உள்ள கறுப்புக் கல்சுவரில், அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்களின் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கில் இறந்த பொதுமக்கள் மட்டுமே இருபது லட்சம்.

இந்த வரலாற்றிலேயே தரையிறங்கிய ஒரு ஹெலிகாப்டரும் உண்டு. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் மக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, மேலே பறந்த விமானி ஹியூ தாம்ப்ஸன், சிப்பாய்களுக்கும் தப்பி ஓடியவர்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். சிப்பாய்கள் இவர்களைச் சுட்டால் நீங்கள் சிப்பாய்களைச் சுடுங்கள் என்று தம்மோடு இருந்த இருவரிடம் சொல்லிவிட்டு, பதுங்கியிருந்தவர்களை வெளியே அழைத்துவந்து காப்பாற்றினார். வியட்நாமியர் கணக்கில் அன்று இறந்தவர்கள் 504 பேர். தாம்ப்ஸனுக்கு அவருடைய ராணுவம் 'சோல்ஜர்ஸ் மெடல்' என்ற வீரப் பதக்கம் கொடுத்தது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1998இல். தரையில் இறங்கியதால்தான் அவருக்கு அவர்களின் முகம் தெரிந்தது என்று நான் நம்புகிறேன்.

இனி இன்றைய படம். 1979இல் நுயென் ஹோங் சென் இயக்கியது. 1981இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் தங்கப் பரிசு பெற்றது. அதன் பெயரைத் தமிழில் 'கைவிடப்பட்ட வயல்' என்று சொல்லலாம். மீகாங் கழிமுகத்தில் வெள்ளம் நிற்கும் நாணல் வெளியில், ஒரு குடிசையில், ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையும் வாழ்கிறார்கள். போராளிகளுக்கான தகவல் தொடர்பைக் காப்பது அவர்கள் பொறுப்பு. சோறு பொங்குகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். ஹெலிகாப்டர் வரும்போது தண்ணீருக்குள் மூழ்க வேண்டும். குழந்தைக்கு மூச்சடக்கத் தெரியாதே, அதனால் அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் தங்களோடு நீருக்குள் இழுக்கிறார்கள். இரைச்சல் தலைக்கு மேல் நெருங்கிவந்து நீர்ப்பரப்பு நடுங்கும் அந்தக் கணங்களில், நீங்கள் யாருக்காகப் பதறுகிறீர்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் படம் மேலே இருப்பவனையும் மறக்கவில்லை. துரத்திவரும் அமெரிக்க விமானிக்கு மனைவி உண்டு, குழந்தை உண்டு. அவர்களின் புகைப்படம் கடைசியில் எங்கே வந்து விழுகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. போர் முடிந்து நான்கே ஆண்டுகளில், குண்டுக் குழிகள் இன்னும் தூராத நாட்டில், ஒரு வியட்நாமியருக்கு அந்தப் புகைப்படத்தைக் காட்டத் தோன்றியிருக்கிறது. படம் தொடங்கட்டும், மற்றதைத் திரையிடலுக்குப் பிறகு பேசுவோம்.