பாதி சீசன்ல நம்ம கணிப்புக்கு நாமே மார்க் போடறது எப்படி? குன்னூர் நேயர் கேள்விக்கு விளக்கம்

குன்னூர்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். இங்கிலாந்து கால்பந்து லீக்கான பிரீமியர் லீக் பத்தின கேள்வி, அப்படியே படிக்கிறேன். "அண்ணா, ஆகஸ்ட்லயே பிரீமியர் லீக் 20 அணிக்கும் யாருக்கு எந்த இடம்னு நோட்டுல எழுதி வச்சேன். இப்ப 19 மேட்ச் முடிஞ்சிருச்சு. நான் எழுதின இடத்துல இருக்கறது 3 அணிதான். ஊட்டியில இருக்கற என் ஃப்ரெண்டுக்கு 5 சரி. அப்ப அவன்தான் கெட்டிக்காரனா?"

அருமையான கேள்விங்க. படிச்சதுல இருந்து மனசுல இதுதான் ஓடிட்டிருக்கு. பதிலை முதல்லயே சொல்லிடறேன் தம்பி: இந்த 3-ஐயும் 5-ஐயும் வச்சு யார் கெட்டிக்காரன்னு சொல்லவே முடியாது.

ஏன்னா இடம்கறது ரொம்ப ஆடற சமாச்சாரம். அட்டவணை நடுவுல பாருங்க, எட்டாவது இடத்துக்கும் பதிமூணாவது இடத்துக்கும் நடுவுல பல சீசன்ல நாலஞ்சு புள்ளிதான் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை கடைசி நிமிஷத்துல ஒரு கோல் விழுந்தா மூணு இடம் மாறிடும். அதனால இடத்தை எண்ணாதீங்க, புள்ளிய எண்ணுங்க.

எப்படின்னா, ஒரு நடுத்தர அணிய எடுத்துக்குங்க. ஒரு மேட்ச்சுல ஜெயிக்க 40 சதவீதம், டிரா 25, தோக்க 35-ன்னு வைங்க. ஜெயிச்சா 3, டிராவுக்கு 1. சராசரியா மேட்சுக்கு 1.45 புள்ளி வரும். 19 மேட்சுக்கு 27, 28. ஆனா அதே அணி, அதே பலத்தோட, பந்து போஸ்ட்ல பட்டு உள்ள போறதும் வெளிய போறதுமா இருந்தே 22-லயும் நிக்கும், 33-லயும் நிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தா 6 புள்ளி மேலயோ கீழயோ போறது சாதாரணம். அதாவது ரெண்டே ரெண்டு வெற்றி. உங்க கணிப்பு 6 புள்ளிக்குள்ள விலகியிருந்தா அதைத் தொடாதீங்க. 10, 12 புள்ளி விலகினாத்தான் காரணம் தேடணும். குன்னூர் ஏலத்துல ஒரு வாரம் தேயிலை விலை ஏறிடுச்சுன்னு யாரும் வருஷக் கணக்கை மூடிடறதில்லைங்களே, அதே மாதிரிதான்.

அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சரிபார்க்கணும். எல்லா அணியும் ஒரே எண்ணிக்கை மேட்ச் ஆடியிருக்கா, தள்ளிவச்ச மேட்ச் பாக்கி இருக்கா? அப்புறம், புள்ளி எதுவும் வெட்டியிருக்காங்களா? 2023-24-ல எவர்டனுக்கு நவம்பர்ல 10 புள்ளி வெட்டினாங்க, பிப்ரவரியில அதை 6 ஆக்கினாங்க, ஏப்ரல்ல இன்னும் 2 வெட்டினாங்க. களத்துல அந்த அணி எடுத்தது 48, அட்டவணையில நின்னது 40. உங்க கணிப்பு ஆட்டத்தைப் பத்தினதுன்னா 48-ஐத்தான் பார்க்கணும்.

உங்களையும் ஃப்ரெண்டையும் ஒப்பிடறதுக்கு முன்னாடி ஒரு மூணாவது ஆளைச் சேர்த்துக்குங்க. போன சீசன் கடைசி அட்டவணைய எடுத்து, கடைசி மூணு இடத்துல முடிச்சு கீழ் லீக்குக்கு இறங்கின 3 அணிய அடிச்சுட்டு, அங்க இருந்து புதுசா ஏறி வந்த 3 அணியையும் 18, 19, 20-ல போடுங்க. யோசிக்கவே யோசிக்காம எழுதின கணிப்பு அது. நீங்க எழுதி வச்சது இடம்தானே, அதனால இங்க மட்டும் இடத்தை வச்சே பார்ப்போம்: மூணு பட்டியலுக்கும், ஒவ்வொரு அணியும் எத்தனை இடம் தள்ளி நிக்குதுன்னு கூட்டிப் பாருங்க. அந்த யோசிக்காத பட்டியலைவிட உங்க கூட்டுத்தொகை குறைவா இருந்தாத்தான் உங்க யோசனைக்கு மதிப்பு. பல வருஷம் அந்தப் பட்டியலை ஜெயிக்கறது லேசு இல்ல.

சரி, நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கறவங்களுக்கு நான் அடுத்து எங்க வருவேன்னு தெரியும். சதவீதம் எழுதாத கணிப்புக்கு மார்க் போட முடியாது! எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு இது சலிக்காது. "சிட்டி சாம்பியன்"னு (மான்செஸ்டர் சிட்டியத்தான் சொல்றேன்) எழுதறது கணிப்பு இல்ல. "சிட்டி சாம்பியன், 50 சதவீதம், காரணம் இது"ன்னு எழுதினாத்தான் கணிப்பு. 2024 ஆகஸ்ட்ல நிறையப் பேர் அப்படித்தான் நினைச்சாங்க, தொடர்ந்து நாலு தடவை ஜெயிச்ச அணி அது. செப்டம்பர் 22, ஆர்சனல் மேட்ச்சுல அவங்க நடுக்கள வீரர் ரோட்ரிக்கு முழங்கால் போச்சு. 2023-24-ல 91 புள்ளி எடுத்த அணி, 2024-25-ல 71-ல மூணாவதா முடிச்சுது. காயம் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா காரணத்தை எழுதி வச்சிருந்தா, எது உடைஞ்சுதுன்னு ஜனவரியில விரல் வச்சுக் காட்டலாம். எழுதலைன்னா "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்"னு மனசு கதை கட்டிடும்.

நூறு சதவீதம்னும் எழுதாதீங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கடைசி இடத்துல இருந்துட்டு இறங்காமத் தப்பிச்ச அணிங்க, 1992-ல பிரீமியர் லீக் ஆரம்பிச்சதுல இருந்து 2024-25 வரைக்கும் நாலுதான்: வெஸ்ட் பிராம், சண்டர்லேண்ட், லெஸ்டர், உல்வ்ஸ். 33 சீசன்ல 4. அப்ப ஜனவரியில கடைசியா இருக்கற அணிக்கு "இறங்கிடும், 85 சதவீதம்"னு எழுதறது நியாயம். லெஸ்டர் அப்படித் தப்பிச்சு, அடுத்த சீசன்லயே 81 புள்ளியோட கோப்பைய எடுத்துச்சு. நம்ம சென்னையின் எஃப்சி 2015-ல 10 மேட்ச் முடிஞ்சு 10 புள்ளியோட அடியில கிடந்துச்சு. மிச்ச 4 லீக் மேட்ச்சையும் ஜெயிச்சு, சென்னை வெள்ளத்தால சொந்த ஊர் அரையிறுதிய புனேயில ஆடி, ஃபைனல்ல கோவாவை 3-2 அடிச்சுது. அவங்க ஆடற இந்தியன் சூப்பர் லீக்ல (ஐஎஸ்எல்) அப்ப ஒரு அணிக்கு 14 லீக் மேட்ச்தான். மேட்ச் குறையக் குறைய ஏத்த இறக்கம் கூடும், உங்க சதவீதம் நடுவுக்கு வரணும்.

தம்பி உண்மையில கேட்டிருக்க வேண்டியது "எப்படி எழுதணும்?"கறதுதான், அதனால அதையும் சொல்லிடறேன். நோட்டுல நாலு கட்டம்: கணிப்பு, சதவீதம், காரணம், எது நடந்தா இது தப்புன்னு ஒத்துக்குவேன். தேதி போடுங்க. ஜனவரியில மனசு மாறினா பழசை அடிக்காதீங்க, கீழ வேற மையில புதுசா எழுதுங்க.

மார்க் போடறதுக்கு 1950-ல கிளென் பிரையர்னு ஒரு அமெரிக்க வானிலைக்காரர் கொடுத்த கணக்கு போதும். ஒரு மேட்சுக்கு உள்ளூர் அணி 60, டிரா 25, வெளியூர் அணி 15-ன்னு எழுதறீங்க. உள்ளூர் ஜெயிச்சா, 1-ல 0.60 போக விட்டுப்போன 0.40-ஐ வர்க்கம் பண்ணுங்க, 0.16. மத்த ரெண்டையும் அப்படியே வர்க்கம் பண்ணிக் கூட்டினா மொத்தம் 0.245. வெளியூர் ஜெயிச்சா 1.145. குறைவா வந்தா நல்லது. மூணுக்கும் சமமாப் பிரிச்சு எழுதறவனுக்கு எப்பவும் 0.667 வரும். 50, 60 மேட்ச் சராசரியில அதுக்குக் கீழ நிக்கறவன்தான் கணிக்கத் தெரிஞ்சவன்.

தம்பி, நீங்களும் ஃப்ரெண்டும் சேர்ந்து இந்தச் சனிக்கிழமையில இருந்தே ஆரம்பிங்க. இப்ப அங்க குளிர்காலம், அவங்க மூணு மணி மேட்ச் நமக்கு ராத்திரி எட்டரை. எட்டரைக்கு முன்னாடி மேட்சுக்கு மூணு எண், கூட்டினா 100, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிடுங்க. மே மாசம் சராசரிய எனக்கு எழுதுங்க.