வெறும் நீரில் தெரிந்த கோடு

நேயர்களுக்கு வணக்கம். உயிரியலில் இளநிலை முடித்துவிட்டு, ஆய்வு செய்து பெறும் முதுநிலைப் பட்டத்தில் சேரலாமா என்று யோசிப்பவர்களோடு பேச வந்திருக்கிறேன்.

பாடம் படித்துத் தேர்வு எழுதும் முதுநிலைப் படிப்பு ஒரு வகை. இது வேறு. ஒரே கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, கண்டதை ஆய்வேடாக எழுதி, வாய்மொழித் தேர்வில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணில் முன்னே நின்றவர்கள்கூட முதல் ஆறு மாதம் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பாடநூல் சோதனைக்கு விடை முன்பே தெரியும். இங்கே ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளருக்கும் தெரியாது.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு பாக்டீரியாவின் மரபணுவை, டிஎன்ஏவைத் திரும்பத் திரும்ப நகலெடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்கிக்கொண்டிருந்தேன். எட்டுச் சிறு குழாய்கள். ஏழில் டிஎன்ஏ, எட்டாவதில் அதற்குப் பதில் வெறும் நீர். பெருகிய டிஎன்ஏ கோடாகத் தெரிய, குழாய்களில் இருந்ததை ஜெல்லில் ஓடவிட்டு, அந்த ஜெல்லைப் புற ஊதா ஒளியில் வைத்தேன். ஏழு கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. எட்டாவதும் தெரிந்தது! வெறும் நீரில் எதுவுமே தெரியக் கூடாது. எட்டாவது பொய் என்றால் மற்ற ஏழையும் எப்படி நம்புவது?

பிசிஆரில் ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ இரு மடங்காகிறது. 30 சுழற்சி முடியும்போது, கணக்குப்படி, ஒற்றை மூலக்கூறு நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு கலப்பே போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கரைசலை மட்டும் மாற்றி மாற்றி மூன்று வாரம் தேடினேன். நான் தினமும் திறந்து மூடிய நீர்ப் புட்டியில்தான் கலப்பு இருந்தது. அந்த எட்டாவது குழாயை வைக்காமல் விட்டிருந்தால், ஏழு பொய்களை ஆய்வேட்டில் எழுதியிருப்பேன்.

ஆகவே சொல்கிறேன், தலைப்பைவிட நெறியாளரைப் பார்த்துச் சேருங்கள். தலைப்பு பாதியில் மாறலாம். தோற்றுப்போன சோதனையைக் கொண்டுபோனால் அவர் என்ன சொல்வார், எத்தனை பேர் குறித்த காலத்தில் ஆய்வேட்டை முடித்தார்கள் என்று அவருடைய மாணவர்களிடம், அவர் இல்லாத நேரத்தில் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். உதவித்தொகை பற்றிய பேச்சை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாணவர் செய்யும் சிறு ஆய்வால் என்ன ஆகிவிடப் போகிறது என்று உங்களிடம் யாராவது கேட்பார்கள். 1966-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் தாமஸ் பிராக் என்ற அறிவியலாளர் வெந்நீர் ஊற்றுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். உடன் வேலை செய்த ஹட்சன் ஃப்ரீஸ் அப்போது இளநிலை மாணவர். அங்கே எடுத்த மாதிரியிலிருந்து, ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் செழித்து வளரும் பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார்கள். 1969-இல் அதை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். இதனால் என்ன பயன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1980களில் பிசிஆர் வந்தபோது, ஒவ்வொரு சுழற்சியிலும் 95 டிகிரி வரை ஏறும் சூட்டைத் தாங்கி டிஎன்ஏவை நகலெடுக்க ஒரு நொதி தேவைப்பட்டது. அது அந்த பாக்டீரியாவிடம் இருந்தது.

என் எட்டாவது குழாயில் கோடு போட்டதும் அதே நொதிதான்.