மால்ஹாம்: ஏர் ஆற்றைத் தேடி மூன்று குட்டி நடைகள்

வணக்கம் நண்பர்களே. நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. தினமும் வேலைக்கு ஏர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறேன். ஊருக்குள் அது கலங்கலாக, அகலமாக, கட்டடங்களுக்கு நடுவே சத்தமே இல்லாமல் போகும். இது எங்கே பிறக்கிறது என்று பார்க்கத்தான் முதல் தடவை இந்த மால்ஹாம் கிராமத்துக்கு வந்தேன். அப்புறம் வருவது பழக்கமாகிவிட்டது.

இப்போது தேசியப் பூங்கா தகவல் மையத்து வாசலில் நிற்கிறேன். யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற இந்தப் பள்ளத்தாக்குப் பகுதி 1954-இல் தேசியப் பூங்கா ஆனது. கார் நிறுத்த இடம், கழிப்பறை, வரைபடம் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. உள்ளே போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். நேற்றைய மழையில் எந்தப் பாதை சேறாகிக் கிடக்கிறது, எந்த வயலில் ஆடுகள் குட்டிகளோடு நிற்கின்றன என்பதெல்லாம் போனில் தெரியாது, இவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் வருகிறவர்கள் ஸ்கிப்டனில் இறங்கி மாற வேண்டும். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான் உண்டு. திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் நடை மால்ஹாம் கோவ். ஒன்றரை கிலோமீட்டர் அளவு, அவ்வளவுதான். சாந்து பூசாமல் கல் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் இரண்டு பக்கமும் கூடவே வரும். தூரத்தில் வெள்ளையாக வளைந்து நிற்கிறதே, அதுதான். சுண்ணாம்புக்கல் பாறை, 80 மீட்டர் உயரம். பனியுகம் முடிந்து பனி உருகி ஓடிய காலத்தில் இதன் விளிம்பு முழுக்க அருவி விழுந்திருக்கிறது. அப்புறம் தண்ணீர் பாறைக்குள்ளேயே வழி கண்டுபிடித்துக்கொண்டது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் கொட்டித் தீர்த்தபோது மட்டும், யாருடைய நினைவிலும் இல்லாத அந்த அருவி திரும்ப விழுந்தது. அன்றைக்கு நான் இங்கே இல்லையே என்று இன்னமும் ஏக்கமாக இருக்கிறது.

பாறையின் அடியைப் பாருங்கள். ஓடை சத்தமில்லாமல் வெளியே வருகிறது. மேலே மால்ஹாம் டார்ன் என்று ஓர் ஏரி இருக்கிறது. அதிலிருந்து வரும் ஓடை கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நிலத்துக்குள் இறங்கி மறைகிறது. அந்தத் தண்ணீர்தான் நேராக இங்கே வருகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். சாயம் கலந்து விட்டுச் சோதித்ததில் வேறு கதை தெரிந்தது. இங்கே வருவது பெரும்பாலும் பழைய உலோக உருக்கு ஆலைப் பக்கம் மண்ணுக்குள் போன தண்ணீர். ஏரித் தண்ணீரில் பெரும்பங்கு ஊரையே தாண்டிப் போய் வெளியே வருகிறது. இரண்டு ஓட்டங்களும் பூமிக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. நம் காலுக்குக் கீழே! அந்த இன்னொரு இடத்தைக் கடைசியில் காட்டுகிறேன்.

சரி, மேலே போவோம். ஏறக்குறைய 400 படி. நின்று நின்று ஏறுங்கள், அவசரமே இல்லை. மேலே பாறைத்தளம், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பாளத்துக்கு கிளின்ட் என்றும் இடுக்குக்கு கிரைக் என்றும் பெயர். மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைக் கரைத்து இந்த இடுக்குகளை அகலப்படுத்தியிருக்கிறது. எல்லோரும் விளிம்பில் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் குனிந்து ஓர் இடுக்குக்குள் பாருங்கள். இதோ, என் முழங்கை ஆழத்தில் ஒரு பெரணி. நாக்கு மாதிரி நீண்ட ஒற்றை இலை, பளபளவென்று பச்சை. மேலே காற்று தள்ளுகிறது, உள்ளே அந்த இலை அசையவே இல்லை. காற்றும் ஆட்டின் வாயும் எட்டாத இடம் அது. ஈரத்தில் இந்தக் கல் பயங்கரமாக வழுக்கும். போன மார்ச்சில் ஒரு கால் இடுக்குக்குள் போய்க் கணுக்கால் வீங்கிவிட்டது. நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் மேலே வராதீர்கள்.

இரண்டாவது ஜேனட்ஸ் ஃபாஸ். ஃபாஸ் என்றால் பழைய நார்ஸ் மொழியில் அருவி. ஜேனட் என்பவள் அருவிக்குப் பின்னால் குடியிருக்கும் தேவதைகளின் ராணியாம். என் அம்மா வந்திருந்தபோது முழங்கால் வலியால் கோவ் ஏறவில்லை, இங்கே மட்டும் கூட்டி வந்தேன். வயல் ஓரமாக நடந்து மரங்களுக்குள் நுழைந்ததும் "யார் இங்கே பூண்டு தாளிக்கிறார்கள்?" என்று கேட்டார். வசந்தத்தில் தரை முழுக்கக் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். இந்தக் குளத்தில்தான் அந்தக் காலத்தில் ஆடுகளைக் கழுவியிருக்கிறார்கள். அருவி சின்னதுதான். ஆனால் தண்ணீர் விழும் அந்தப் பாறையைக் கவனியுங்கள், பாசி படர்ந்து திரைச்சீலை மாதிரி தொங்குகிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே சுண்ணாம்புதான். மேலே பாறையைக் கரைக்கும் தண்ணீர் இங்கே பாறையைக் கட்டுகிறது. தயவுசெய்து அதன் மேல் ஏறாதீர்கள், உதிர்ந்துவிடும். தெம்பு இருந்தால் இன்னும் கொஞ்சம் நடந்து கோர்டேல் ஸ்காரையும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் அருவி.

மூன்றாவது நடைக்குத் திரும்ப மையத்துக்கே வந்து, ஊருக்குத் தெற்கே போக வேண்டும். கால் மணி நேரம் போதும். இங்கே கூட்டம் வருவதே இல்லை. ஏர் ஹெட். பெரிதாக ஒன்றும் இருக்காது: ஒரு வயல், புல், அதற்கு அடியிலிருந்து தெளிவாகக் கொப்பளித்து வரும் தண்ணீர். ஏரியிலிருந்து காணாமல் போனது இதுதான். பக்கத்திலேயே ஓடைகளும் வந்து சேர, ஏர் என்ற பெயரோடு ஆறு கிளம்புகிறது. கீத்லி, சால்டேர் தாண்டி லீட்ஸ் வரைக்கும் போகும்.

கையை விட்டுப் பார்க்கிறேன். சில்லென்று விரல் மரத்துப்போகிறது. அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது, பாருங்கள். மைக்கைத் தண்ணீர் பக்கம் வைக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன், கேளுங்கள்.