சிவக்காத கண்ணில் அழற்சியா?

அடுத்த கேள்வி. "அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மாக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) நீர் கோத்திருக்கிறது என்று கண்ணுக்குள் நான்கு முறை ஊசி போட்டார்கள். சரியாக வற்றவில்லை. உள்ளே அழற்சி இருக்கிறது, ஸ்டீராய்டு வைக்கலாம் என்கிறார் மருத்துவர். கண் சிவக்கவில்லை, வலிக்கவும் இல்லை. பிறகு என்ன அழற்சி? சர்க்கரைக்காரர்களுக்கு ஸ்டீராய்டு ஆகாதே?"

நியாயமான கேள்விதான். மெட்ராஸ் ஐ வந்தால் கண் சிவக்கும், உறுத்தும். நமக்குப் பழக்கமான அழற்சி அது. விழித்திரைக்கோ வலி தெரியாது. அங்கே வீடே பற்றி எரிந்தாலும் வாசலில் புகை வராது.

விழித்திரையின் தந்துகிகள், அதாவது நுண்ணிய ரத்தக் குழாய்கள், தலைமுடியைவிட மிக மெல்லியவை. ரத்தத்தில் வரும் வெள்ளணு அந்தத் துளையைவிடப் பருமன். உடலைக் குறுக்கி, நீண்டு நெளிந்துதான் அது கடக்க வேண்டும். வழக்கமாகக் கடந்துவிடும். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தால், குழாயின் உட்சுவர்ச் செல்கள் ஐகேம்-1 என்னும் ஒட்டுப் புரதத்தை அதிகமாக நீட்டத் தொடங்குகின்றன. வெள்ளணுவின் மேல் அதைப் பற்றிக்கொள்ளும் புரதம் இருக்கிறது. பற்றியதும் வெள்ளணு அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ரத்தம் போவது தடைப்படும். நின்றது சும்மாவும் இருப்பதில்லை; அது உமிழும் பொருள்கள் சுவரைப் புண்ணாக்க, செல்களுக்கு இடையிலான இறுக்கம் தளர்ந்து நீர் கசிகிறது. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி படத்தில் கறுப்புக் குமிழ்களாகத் தெரிவது அந்த நீர்தான்.

ரத்தம் கிடைக்காத திசு விஇஜிஎஃப் என்ற பொருளைச் சுரக்கும். அது கசிவைக் கூட்டுவதோடு, சுவரில் ஐகேம்-1ஐயும் கூட்டிவிடும். இன்னும் பல வெள்ளணுக்கள் வந்து ஒட்டும். விழித்திரையிலேயே குடியிருக்கும் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்களும் தங்கள் பங்குக்குத் தூபம் போடும். வெள்ளணுவை மட்டும் குற்றவாளியாக்குவது சரியில்லை என்பேன். சுவர் கைநீட்டிப் பிடிக்காவிட்டால் அது தன் வழியே போயிருக்கும். ஐகேம்-1 இல்லாத சுண்டெலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கிப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அவற்றில் வெள்ளணு ஒட்டுவதும் தந்துகிச் சேதமும் குறைவாகவே இருந்தன.

இதைக் கேட்டதும், "அப்படியானால் அஸ்பிரின் போடலாமா?" என்று ஒருவர் எழுதுவார். மூட்டுவாதத்துக்கு அஸ்பிரின் வகை மருந்தான சாலிசிலேட் சாப்பிட்ட நீரிழிவாளர்களிடம் விழித்திரைப் பாதிப்பு குறைவாக இருப்பதை 1964-லேயே கவனித்திருக்கிறார்கள். ஆனால் பின்னர் அமெரிக்காவில் 3,711 நோயாளிகள் பங்கேற்ற பெரிய ஆய்வில், தினமும் 650 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுத்துப் பார்த்தும் விழித்திரைக்குப் பலன் இல்லை. கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அம்மாவுக்குப் போட்டது பெரும்பாலும் விஇஜிஎஃப்பைத் தடுக்கும் ஊசியாக இருக்கும். வெள்ளணு ஒட்டும் வேலையில் பிற அழற்சிப் பொருள்களும் சேர்ந்திருந்தால், விஇஜிஎஃப்பை மட்டும் தடுப்பது போதாமல் போகலாம். ஸ்டீராய்டு இரண்டையும் அடக்கும். கண்ணுக்குள் வைக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுத் துண்டில் இருப்பது 0.7 மில்லிகிராம், மெல்லக் கரைந்து சில மாதங்கள் வேலை செய்யும். மாத்திரையைப் போல இது ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்ற பயம் பெரும்பாலும் வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது கண் அழுத்தத்தைப் பற்றி. அம்மாவுக்குக் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருக்கிறதா, கண்புரை அறுவை ஏற்கெனவே ஆகிவிட்டதா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வைத்த பிறகு அழுத்தத்தை எந்தெந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.