நவம்பர் சம்பளத்தில் வருகிற கிறிஸ்துமஸ்: எங்கள் வீட்டுப் பரிசுக் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் மிக்ஸி சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அத்தை முந்திரிக்கொத்துக்கு வறுத்த சிறுபயறைத் திரித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று சமையல் வீடியோ இல்லை. கிறிஸ்துமஸுக்கு யார் யாருக்கு என்ன கொடுக்கப்போகிறோம், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, இதை மட்டும் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கையில் இருப்பது என் மகளின் போன வருஷ கணக்கு நோட்டு. பின்பக்கம் இருபது தாள் வெற்றாக இருந்தது, அதில்தான் எல்லாம் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கிறிஸ்துமஸ் 25ஆம் தேதி வருகிறது, அதாவது மாதக் கடைசியில். எங்கள் வீட்டுக்காரருக்குச் சம்பளம் மாதத்தின் கடைசி நாளில்தான் ஏறும். அப்படியென்றால் டிசம்பர் சம்பளம் பண்டிகைக்கு உதவாது, நவம்பர் சம்பளத்தில்தான் வாடகை, பால், ஸ்கூல் வேன், மளிகை எல்லாம் போக கிறிஸ்துமஸும் நடக்க வேண்டும். போனஸ் தீபாவளியோடு வந்துவிடுகிறது, அது வந்த வாரமே இரண்டு வண்டிக்கும் இன்சூரன்ஸ், மாமாவுக்குக் கண் பரிசோதனை என்று போய்விட்டது. டிசம்பர் சம்பளம் வந்த கையோடு புத்தாண்டு, இரண்டு வாரத்தில் பொங்கல். இந்தத் தேதிக் கணக்கை நான் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்து யோசித்ததில்லை.

போன வருஷம் 23ஆம் தேதி சாயங்காலம், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற இடத்தில் நின்றேன், பர்ஸில் 1,200 ரூபாய் இருக்கிறது, பில் 4,000 தாண்டிவிட்டது. கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். அன்று ஆரம்பித்து புத்தாண்டு வரைக்கும் கார்டில் மொத்தம் 11,000 ஏறியது, தவணையாக மாற்றி மே மாதம் வரை கட்டினோம். பிள்ளைகளுக்கு எடுத்த உடை மே மாதத்தில் அவர்களுக்கே சிறியதாகிவிட்டது, கடன் மட்டும் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஐந்து மாதமும் நிம்மதி இல்லை.

ஒரு நல்ல காரியம் மட்டும் அதற்கு முன்னாடியே செய்திருந்தேன், போன டிசம்பர் முதல் வாரமே பேங்கில் 12 மாத ஆர்.டி., அதாவது மாதா மாதம் ஒரே தொகை கட்டுகிற சேமிப்பு, ஒன்று போட்டேன், மாதம் 1,000 ரூபாய். கார்டு தவணை ஓடின மாதங்களில்கூட நிறுத்தவில்லை. நிறையப் பேர் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. போடலாமா என்று கேட்பீர்கள். அது நல்லதுதான், 100 ரூபாயில்கூடத் தொடங்கலாம், ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம், வருஷா வருஷம் வருகிற பண்டிகைக்குச் சரிப்படாது. என்னுடையது இந்த வாரம் முடிந்தது, 12,000 அசலும் நானூறு சொச்சம் வட்டியுமாகக் கைக்கு வந்தது. அதோடு சம்பளத்திலிருந்து 4,600. மொத்தம் 17,000. இதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு பண்ணியிருக்கிறோம்.

சீட்டு ஏன் போடவில்லை என்றால், எங்கள் அம்மா நான் ஒன்பதாவது படிக்கும்போது தெருவில் ஒருவரிடம் கிறிஸ்துமஸ் சீட்டு போட்டார்கள். வாரா வாரம் பீடி சுற்றின காசு. டிசம்பர் 15 வாக்கில் அந்த வீட்டில் பூட்டு தொங்கியது. அம்மா அந்த வருஷம் எங்கள் மூன்று பேருக்கும் பழைய உடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, விடியற்காலை ஆராதனையில் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். பதிவு இல்லாத சீட்டில் பணம் போடுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். முன்பெல்லாம் சேலை, சட்டை, கேக் என்று பொருளாக எழுதுவேன். இந்த வருஷம் பெயராக எழுதினேன். பொருளாக எழுதினால் கடையில் பார்க்கிறதெல்லாம் பட்டியலில் சேர்ந்துகொள்கிறது. பெயர் எழுதினால், இந்தப் பெயருக்கு என்ன தேவை என்று மனசு அந்த ஆளைப் பற்றி யோசிக்கிறது.

முதல் பெயர் நாத்தனார். மே மாதம் கல்யாணம் ஆனது, இது அவளுக்குத் தலை கிறிஸ்துமஸ். மாப்பிள்ளையும் பொண்ணும் நம் வீட்டுக்கு வருகிறார்கள், இதில் குறைவைக்க முடியாது, வைக்கவும் எனக்கு மனசில்லை. அவளுக்குச் சேலை 2,500, மாப்பிள்ளைக்கு பேண்ட் சட்டை 1,800, தட்டில் வைக்க கேக்கும் பழமும் 700. ஆக 5,000. மோதிரம் அத்தையும் மாமாவும் பார்த்துக்கொள்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து 3,000, வீட்டுக்காரருக்கு 1,500, மாமாவுக்கு வேட்டி சட்டை 1,000. எனக்கும் அத்தைக்கும் ஆடித் தள்ளுபடியிலேயே சேலை எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். துணி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த உடைக்கு, ஒன்றின் விலை 2,500 வரைக்கும் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் முழு விலைக்கும் 18. எட்டாவது படிக்கிற என் மகள் 2,700 ரூபாய் கவுன் ஒன்றில் கண் வைத்திருந்தாள். அவளையே உட்காரவைத்து நோட்டில் கணக்குப் போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு அவளே வேறு எடுத்தாள், 1,650க்கு.

அக்கா வீடு, தம்பி வீடு இரண்டிலும் சேர்த்து ஐந்து பிள்ளைகள். ஆளுக்கு 300 வீதம் 1,500. பெரியவர்களுக்குள் கொடுத்து வாங்குவதை இந்த வருஷம் நிறுத்தியிருக்கிறோம். இதை அக்காவிடம் சொல்ல எனக்குப் பயம், இரண்டு நாள் போனை எடுத்து எடுத்து வைத்தேன். சொன்னதும், "ஏட்டி, நானே ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் பல வருஷமாகக் கடன் வாங்கி ஒருவருக்கொருவர் சேலை கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் இந்த நான்கு வகைச் செலவு. பால்காரர், பேப்பர் போடுகிற தம்பி, இஸ்திரி அக்கா, நம் தெருவைப் பெருக்குகிற அம்மா, இவர்களுக்கு 300 வீதம் 1,200. ராத்திரி கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் பஜனை வருகிற மூன்று குழுவுக்குக் காணிக்கை 600. பிள்ளைகள் ஸ்கூலிலும் வீட்டுக்காரர் ஆபீஸிலும் பெயர்ச் சீட்டு எடுத்து ரகசியமாகப் பரிசு கொடுக்கிற கிறிஸ்மா கிறிஸ் சைல்ட் விளையாட்டுக்கு 900. அக்கம்பக்கத்தில் எட்டு வீட்டுக்குப் பலகாரத் தட்டு, 1,300. தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் தட்டு வந்தது, ரம்ஜானுக்குப் பிரியாணி வந்தது, நம் தட்டும் போக வேண்டும். கூட்டினால் 4,000 வருகிறது. போன வருஷம் நான் எழுதாமலே விட்டது சரியாக இந்த நான்குதான். ஐம்பது, இருநூறு என்று போகும்போது தெரிவதில்லை, ஆனால் இதுதான் கடைசி வாரத்தில் கையைக் கடித்தது.

இந்த வருஷம் தலைகீழாகச் செய்கிறேன். பழுப்புக் கவர் வாங்கி, ஆர்.டி. பணம் வந்த அன்றே முதலில் நிரப்பியது தெருப் பெருக்குகிற அம்மாவின் கவரைத்தான். இதோ பாருங்கள், மேலே பென்சிலில் பெயர் எழுதியிருக்கிறேன், உள்ளே மூன்று நூறு. எடுத்தாலும் திருப்பி வைக்கிற பழக்கம் எனக்கு வராது என்று தெரியும், அதனால் ஒட்டிவிட்டேன். துணிக்கடை இதற்கு அப்புறம்தான்.

எல்லாம் போக 1,000 மிச்சம். அதற்குப் பெயர் எழுதவில்லை. திடீரென்று வாசலில் யாராவது வந்து நிற்பார்கள், ஊரிலிருந்து பெரியம்மா வரலாம். யாரும் வராவிட்டால் புத்தாண்டு ஆராதனைக் காணிக்கைக்குப் போகும்.

மிக்ஸி நின்றுவிட்டது, கருப்பட்டிப் பாகு காய்ச்ச அத்தை கூப்பிடுகிறார்கள். நாளைக் காலையில் முருகன்குறிச்சி போகிற வழியில் பேங்கில் இறங்கி, அடுத்த வருஷத்து ஆர்.டி.யைத் தொடங்க வேண்டும். இந்தத் தடவை மாதம் 1,400 போடலாம் என்று இருக்கிறேன், சம்பளத்தைத் தொடாமல் நடத்த முடிகிறதா என்று பார்க்கலாம்.