ஆர்முடுகல்

நேயர்களுக்கு வணக்கம். போன மே மாதம் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இலங்கை மலையகத்துக்கு அருட்பணிப் பயணம் போனார்கள். கூடப் பெரியவர் ஒருவர் இருக்கட்டும் என்று, பொறையாரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பத்து நாளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் பழைய துணி விவகாரம். பயணத்தைப் பற்றி ஆராதனையில் அறிவிப்புக் கொடுத்தோம். அடுத்த ஞாயிறே ஆறு மூட்டைத் துணி வந்து இறங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். நான் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். ஜிப் போன பேண்ட், சாயம் போன சுடிதார், ஜோடி இல்லாத காலுறை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கடற்கரைப் பக்கம் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கடலுக்குப் பறிகொடுத்தோம். வலையும் படகும் போய் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். லாரி லாரியாக வந்ததோ பழந்துணி. எடுக்க ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து மண்ணில் புரண்டது. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு வந்தவர்களும் உண்டு, அவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். ஆறு மூட்டையையும் எடுத்துப்போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொடுத்தவர்களில் இரண்டு பேர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். நாலு மணி நேரப் பயணத்தில் பாதிப் பேர் வாந்தி. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து ஹட்டனுக்கு இன்னொரு பஸ். பயணத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

நாங்கள் தங்கிய தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் ஜனங்களின் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் ஆள் சேர்க்கும் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போனவர்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ, இந்தியப் பிரதமர் சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று பிரிந்த வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு பாட்டி எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்துவிட்டு, "கோத்தகிரிப் பக்கம் போவீங்களா?" என்று கேட்டார். அண்ணன் அங்கேதான் போனாராம். கடிதம் நின்று முப்பது வருடமாகிறது. எங்கள் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் ஒரு வரிகூட அவர்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத குற்றம் என்னையும் சேரும்.

போன வேலை, பிள்ளை மடுவத்துக்கு வெள்ளையடிப்பது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. மூன்று நாள் அடித்தோம். மேஸ்திரி ஒருவர் தினமும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். கடைசி நாளில் மெதுவாகச் சொன்னார்: "மழை வர்ற நேரம் டீச்சர், வெளிச்சுவரு நிக்காது." நிற்கவில்லைதான். அவரிடம் கொடுத்திருந்தால் இரண்டு நாளில் உருப்படியாக முடித்திருப்பார், கூலியும் அந்த ஊரிலேயே தங்கியிருக்கும். எங்கள் ஒருவரின் பயணச் செலவே அவருக்குப் பல நாள் கூலி. இதைச் சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது, "சாட்சியைச் சொல்லச் சொன்னால் கணக்கைச் சொல்கிறீர்களே" என்றார் ஒருவர். கணக்கும் சாட்சிதான் ஐயா என்றேன்.

உருப்படியான காரியம் ஒன்று தற்செயலாக நடந்தது. சாயங்காலம் மழைக்குக் கோயில் வராந்தாவில் ஒதுங்கிய பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நம் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரி அங்கே இருக்கும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கும் பெண் ஒருத்தி, "நான் சொல்லித்தரேன்" என்று போனாள். ஒரு பையன் கேட்டான்: "ஆர்முடுகல் எப்பிடிக் காணுறது அக்கா?" இவள் முழித்தாள். என்னைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் ஆக்ஸிலரேஷன், நம் ஊர்ப் புத்தகத்தில் முடுக்கம் என்று இருப்பதுதான் அங்கே ஆர்முடுகல். ஆனால் இவள் எல்கேஜியிலிருந்து ஆங்கில வழி. முடுக்கமும் தெரியாது! அழுத்தம் அங்கே அமுக்கம், ஆக்ஸிஜன் ஒட்சிசன். அன்றிலிருந்து ஆறு சாயங்காலம் அந்தப் பையன்கள் இவளுக்குச் சொல் சொல்லிக்கொடுத்தார்கள், இவள் அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள். இவளும் சிரித்தாள்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரி, எனக்கு டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஞாபகம் வராமல் இருக்குமா? 1706 ஜூலை 9-ல் நம் கரையில் இறங்கியபோது அவருக்கு வயது 23, மறுநாள்தான் 24. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது அதற்கெல்லாம் பிறகு, 1715-ல். அவருடைய போதனையைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, அந்த மணலை மறுக்க முடியாது.

இந்த வருடம் பன்னிரண்டு பேர் போகவில்லை, நாலு பேர்தான். மடுவத்துச் சுவருக்கான பணத்தை முன்னாடியே மேஸ்திரிக்கு அனுப்பியாகிவிட்டது. என்ன வேண்டும் என்று தோட்டத்துப் பெற்றோரிடம் கேட்டோம். பரீட்சைக்கு முந்தின மாதங்களில் வாரம் இரண்டு நாள் போனில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லித்தர முடியுமா என்றார்கள். அந்தப் பெண் இலங்கைப் பாடப்புத்தகத்தை இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்து வைத்துக்கொண்டு படிக்கிறாள். போன வாரம் கோயிலில் பார்த்தபோது, அமுக்கத்தை முடித்துவிட்டேன் டீச்சர் என்றாள்.

வணக்கம்.