ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறதா? சென்சார் வாங்குமுன் வயரைப் பாருங்கள்

வணக்கம். வீரவநல்லூரில் சித்தப்பா வீட்டு வாசலில் நிற்கிறேன். இது அவருடைய கார். டேஷ்போர்டில் மஞ்சளாக ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது. பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் இறுகாமல் காப்பதுதான் ஏ.பி.எஸ். ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சக்கரத்தைக் கழற்றியே பார்க்கவில்லையாம். எனக்கு அதுதான் எரிச்சல்.

சாவியைத் திருப்புகிறேன். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து, சில வினாடிகளில் இதுவும் அணைய வேண்டும். அணையவில்லை, பாருங்கள். கார் நகர்ந்த பிறகு எரிந்தால், சக்கரத்தோடு சுழலும், சென்சார் படிக்கும் வளையத்தில் சேறோ விரிசலோ என்று சந்தேகப்படலாம். நிற்கும்போதே எரிந்தால் பெரும்பாலும் மின்சுற்றில்தான் கோளாறு. கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் காரை எடுக்கவே எடுக்காதீர்கள். மஞ்சள் மட்டும் என்றால் வழக்கமான பிரேக் பிடிக்கும். ஆனால் மழையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் இறுகி வண்டி வழுக்கும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகுகிறேன். விலை மலிவான பல ஸ்கேனர்கள் எஞ்சின் குறியீடுகளை மட்டும்தான் படிக்கும், ஏ.பி.எஸ். படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். இதோ, சி0035. முன்பக்க இடது சக்கரத்தின் வேக சென்சார் சுற்று. சென்சார், வயர், கனெக்டர் எல்லாமே அந்தச் சுற்றில் அடக்கம். எது கெட்டது என்று ஸ்கேனர் சொல்லாது, நாம்தான் தேட வேண்டும்.

பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டும் வைத்துவிட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். சென்சாரில் கொஞ்சம் சேறுதான்; துடைத்தால் போய்விட்டது. வயரைப் பிடித்துக்கொண்டே மேலே போகிறேன். பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால்... கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இரண்டு வயர்களில் ஒன்று துண்டாகி, செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கிறது. ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பல் தடம். பக்கத்தில் வைக்கோல் துணுக்கு. எலிதான்! பிசான நெல் அறுவடை முடிந்து வயல் காலியானால் எலிகள் வேறெங்கே போகும்? சித்தப்பா காரை நிறுத்துவதே வைக்கோல் படப்பை ஒட்டித்தான்.

துண்டானது பாடியோடு அசையாமல் கிடக்கும் பகுதி என்பதால் ஒட்டுப்போடுகிறேன். ஸ்டியரிங்கோடு திரும்பி வளையும் இடமாக இருந்தால் ஒட்டுப்போட மாட்டேன். அங்கே வயரையே மாற்றுவதுதான் சரி. பச்சை பூத்ததை வெட்டிவிட்டு, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் உறையை மேலே ஏற்றுகிறேன். கம்பியை முறுக்கி டேப் மட்டும் சுற்றினால் அடுத்த மழைக்கே தண்ணீர் இறங்கிவிடும்.

குறியீட்டை அழித்தாயிற்று. சில கார்களில் சிறிது தூரம் ஓடிய பிறகுதான் விளக்கு அணையும். சேரன்மகாதேவி சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்தேன், அணைந்துவிட்டது.

இனி வலது சக்கரத்தையும் கழற்றப் போகிறேன். எலி ஒரு பக்கத்தோடு நிறுத்தியிருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. சித்தப்பா, அந்த ஜாக்கியை இப்படிக் கொடுங்கள்.